குளித்துவிட்டு வரச் சொன்னவர்

டாக்டர் வெற்றிச்செல்வி காதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்று வெளிநாடு வரைக்கும் பேர் வாங்கியது. அவருக்கு விருது வாங்கித் தந்ததும் அதுதான். போன வருஷம் அதே கட்டுரையை, அது தவறு என்று சொல்லி அவரே திரும்பப் பெற்றார். ஆராய்ச்சி செய்கிறவர்கள் நடுவில் இது குடியிருக்கும் வீட்டைத் தன் கையாலேயே இடிக்கிற மாதிரி. ஏன் செய்தார் என்று ஆளுக்கொன்று பேசுகிறார்கள். அவர் வேலை பார்த்த காது மூக்கு தொண்டைப் பிரிவின் ஆபரேஷன் தியேட்டரில் நான் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய அம்மாவைச் சில மாதம் பார்த்துக்கொண்டேன். பேசுகிறவர்கள் பேசட்டும். நடந்தது இதுதான்.

அரும்பாவூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு காலனியில் பிறந்தவர் அவர். அப்பா உத்திராபதி, அம்மா ஆண்டாயி. சொந்த நிலம் கிடையாது. பருத்தி எடுக்க, மக்காச்சோளம் ஒடிக்க, சின்ன வெங்காயம் அறுக்க என்று யார் கூப்பிட்டாலும் போவார்கள். உத்திராபதி சீக்கிரமே போய்விட்டார். வெற்றிச்செல்வியும் தம்பி மணிவண்ணனும் அம்மா கையில் வளர்ந்தார்கள்.

அந்தக் காலனியில் பிள்ளைகளுக்குக் காது வடிவது சளி பிடிப்பதுபோலச் சாதாரணம். ஆரம்பப் பள்ளியில் ஒரு டீச்சர், காது வடிகிற பிள்ளைகளை மட்டும் ஜன்னலோரம் உட்கார வைத்தார். நாற்றம் வெளியே போகட்டும் என்று. அந்த வரிசையில் வெற்றிச்செல்வியும் இருந்தார். அவருக்குப் பிறகு சரியாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பலருக்குச் சரியாகவில்லை. இதை ஒரே ஒரு தடவை, தியேட்டரில் கை கழுவும்போது என்னிடம் சொன்னார். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. நோயாளியின் விவரம் சொல்வது மாதிரி சொன்னார்.

மருத்துவம் படித்து, காது மூக்கு தொண்டையில் மேல்படிப்பு முடித்து, திருச்சிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே துறைத் தலைவராக இருந்தவர் டாக்டர் அறிவழகன். கை சுத்தமான சர்ஜன். கோபக்காரர். வெற்றிச்செல்வியின் கைத்திறனைப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சிக்கு இழுத்துக்கொண்டவர் அவர்தான்.

ஆராய்ச்சி எலும்பில் நடந்தது. நாம் காது என்று சொல்வது வெளியே இருக்கிற மடலைத்தான். வேலையெல்லாம் கபால எலும்புக்குள்ளே. காதுக்குப் பின்னால் விரலை வைத்தால் ஒரு மேடு தட்டுப்படும். நல்ல காதாக இருந்தால் அந்த மேட்டின் உட்புறம் தேனடை மாதிரி அறை அறையாக, காற்று நிறைந்து இருக்கும். சின்ன வயதிலேயே சீழ் பிடித்து வருஷக்கணக்காக வடிந்தவர்களுக்கு அந்த அறைகள் சரியாக உண்டாவதில்லை. எலும்பு தந்தம் மாதிரி இறுகிப்போகும். ஆள் இறந்த பிறகும் டிரில் வைத்துத் திறந்தால் தெரிந்துவிடும்.

தானமாக வந்த உடல்கள், கேட்பாரில்லாமல் வந்த உடல்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்த காதெலும்புகள் அவருடைய அறையில் வரிசையாக டப்பாக்களில் இருந்தன. வேலை தொடங்கும்முன் செருப்பைக் கழற்றி வாசலில் விடுவார். மரியாதைக்கா என்று கேட்டேன்.

“இல்ல சிஸ்டர். டிரில்லுக்குத் தண்ணி ஊத்துறோம்ல, வழுக்கும்” என்றார்.

வருஷக்கணக்கில் அந்த எலும்புகளைத் திறந்ததில் அவருக்கு ஒன்று தெரிந்தது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆட்களின் எலும்புகளில் ஏறக்குறைய பாதி இறுகிக் கிடந்தது. அப்படியென்றால் உயிரோடு இருப்பவர்களிலும் அந்த அளவுக்கு நோய் இருக்க வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். நோய் அதிகம் என்று ஆதாரத்தோடு காட்டினால், அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு காது அறுவைப் பிரிவு கேட்கலாம். அதற்கான பேச்சு அப்போதே ஓடிக்கொண்டிருந்தது.

சர்வேயை இரண்டு கட்டமாக வைத்தார்கள். முதல் கட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் ஒவ்வொருவரிடமும் காதில் சீழ் வருகிறதா என்று கேட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். வருகிறது என்றவர்களையும் சீழின் ஈரம் தெரிந்தவர்களையும் மட்டும் டாக்டர்கள் கருவி வைத்து உள்ளே செவிப்பறை வரைக்கும் பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்களைப் பார்க்க வேண்டியிருந்தால் இப்படித்தான் செய்ய முடியும். முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் ஊராகச் சொந்தக் காலனியை வைத்துக்கொண்டார். முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு போனது. தன் குரலிலேயே பதிவு செய்து கொடுத்திருந்தார். “நாளைக்கு டவுன்லருந்து டாக்டருங்க வர்றாங்க. எல்லாரும் குளிச்சிட்டு, காதைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வாங்க” என்று. அதே பதிவுதான் பிறகு ஜெயங்கொண்டம் பக்கம் வரை எல்லா ஊருக்கும் போனது.

முடிவு வந்தபோது அவரே நம்பவில்லை. நோய் இருந்தவர்கள் மிகக் குறைவு. எலும்பு ஒன்று சொன்னது, ஆட்கள் வேறொன்று சொன்னார்கள். அறிவழகன் ஒரு விளக்கம் கொடுத்தார்.

“செத்தவங்க எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைங்கம்மா. இப்போ தடுப்பூசி இருக்கு, சத்துணவு இருக்கு, ரோடு போட்டாச்சு. நோய் குறைஞ்சிருக்கு. இது நல்ல சேதிதானே? எழுது.”

எழுதினார். ஒரு தலைமுறையில் ஒரு வட்டாரம் காது நோயிலிருந்து மீண்டுவிட்டது என்ற கட்டுரை. நல்ல சேதி யாருக்குத்தான் பிடிக்காது? விருது வந்தது. அதிகாரிகள் மேடையில் எடுத்துச் சொன்னார்கள். காது அறுவைப் பிரிவு கேட்டுப் போன மனுவின் மேல், இந்த ஆய்வின்படி தேவை இல்லை என்று எழுதி மூடினார்கள். அப்போது அவர் வாயைத் திறக்கவில்லை. தன் எண்ணிக்கையை அவரே நம்பியிருந்தார்.

அப்புறம் ஒரு பருத்தி சீசனில் மணிவண்ணன் போன் செய்தார். அவர் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். தியேட்டர் வராந்தாவில் நாங்கள் இரண்டு பேரும் நின்றிருந்தோம். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அக்கா, அம்மாவுக்கு வாய் கோணிக்கிச்சு. வாதம்னு சொல்றாங்க. எண்ணெய்க் கட்டு போடுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“வண்டியை நிறுத்து. வீடியோ போடு. அம்மா மூஞ்சிக்கு நேரா புடி. அம்மா, நெத்தியைச் சுருக்கு.”

“எதுக்குடி?”

“சுருக்கும்மா.”

பாதி நெற்றிதான் சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். ஒரு கண் மூடவில்லை. மூளையில் வருகிற வாதமென்றால் வாய் கோணினாலும் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், கண்ணும் ஓரளவு மூடும். இரண்டும் போயிருந்தால் முகத்து நரம்பிலேயே கோளாறு. அந்த நரம்பு காதெலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாகத்தான் முகத்துக்கு வருகிறது. அந்தக் குழாயைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதியவர் வெற்றிச்செல்வி.

“இங்க கூட்டிட்டு வா மணி. நேரா இங்க.”

மாலையில் ஆண்டாயி வந்தார். மெலிந்த உடம்பு, திடமான எலும்பு. புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகள் வேலை பார்க்கிற இடமாயிற்றே. பரிசோதனை அறையில் உட்கார வைத்து, வெற்றிச்செல்வி காதைப் பின்னால் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். இடுக்கியை நீட்டச் சொன்னார். கொடுத்தேன். எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரி ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியாக வந்ததில் கருத்த சீழ். அறை முழுக்க நாற்றம் அடித்தது. என் வேலையில் பார்க்காத நாற்றமில்லை. ஆனாலும் ஜன்னலைத் திறந்தேன்.

“எத்தனை வருஷமா இருக்கு?”

“எது?”

“இது வடியறது.”

“நீ வயித்துல இருக்கறப்பவே உண்டு. அதுக்கென்ன இப்ப?”

“என்கிட்ட ஏன் சொல்லல? நான் காது டாக்டர்மா.”

“அதுக்காக? நீ வந்து ஒக்காரும்போது வூட்டுல நாறணுமா? நீ வர்ற அன்னிக்கெல்லாம் காலையிலயே தொடச்சு, வசம்பு சுட்ட எண்ணெயில திரி போட்டு வச்சுக்குவேன்.”

வெற்றிச்செல்வி கையுறையைக் கழற்றவில்லை. இடுக்கியைத் தட்டில் வைத்தார்.

“சர்வே எடுத்த அன்னிக்கு?”

“அன்னிக்குந்தான். நான் மட்டுமா? காலனியே வச்சுக்கிட்டுதான் வந்துச்சு. சிறுவாச்சூரு கோயிலுக்குப் போறப்ப வைப்பமில்ல, அது மாதிரி. நீதான ஆட்டோவுல கத்துன, காதைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வாங்கன்னு? டவுன் டாக்டருங்க முன்னால பாப்பா ஒனக்குத் தலகுனிவு வந்துரக் கூடாதுன்னு கலியம்மாதான் வூடு வூடா பஞ்சு குடுத்தா. கொட்டை எடுத்த பஞ்சு.”

“சீழ் வருதான்னு கேட்டாங்கல்ல?”

“அன்னிக்கு வரலியே. வரலன்னோம்.”

இதைவிட நேர்மையான பதில் கிடையாது. அம்மா சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. துடைத்துத் திரியை உள்ளே தள்ளி வைத்த காதில் டார்ச் அடித்தால் எண்ணெயின் பளபளப்புதான் தெரியும், சீழ் தெரியாது. கூலி வேலைக்குப் போகிற அந்த ஊர், விருந்தாளி வந்தால் கையை அலம்பிக்கொள்கிற மாதிரி காதைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதுவும் சொன்னவர் சொன்னதால்.

ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்குள் தோல் தவறான இடத்தில் வளர்ந்து, எலும்பை அரித்துக்கொண்டே போயிருந்தது. நரம்புக் குழாயையும் தொட்டுவிட்டது. மறுநாளே ஆபரேஷன். சொந்த அம்மாவுக்கு மகள் கத்தி வைக்கக் கூடாது என்பது வழக்கம். அறிவழகன் செய்தார். நான் பக்கத்தில் கருவி எடுத்துக் கொடுத்தேன். வெற்றிச்செல்வி பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரில் உள்ளே போக நேரம் பிடித்தது. எலும்பு தந்தமாக இருந்தது. அரித்த இடத்துக்கு மேலே எலும்புக் கூரையே இல்லை. மூளையின் உறை துடிப்பது திரையில் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சீழ் மேலே ஏறி ஆளே போயிருப்பார். அறிவழகன் டிரில்லை நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

“இவங்க நம்ம சர்வேயில இருந்தாங்களாம்மா?”

“இருந்தாங்க சார்.”

“எந்தப் பக்கம்?”

“நோய் இல்லாத பக்கம்.”

அறிவழகன் டிரில்லை மறுபடி ஓடவிட்டார். நோயைச் சுத்தமாக எடுத்தார். நரம்பைக் காப்பாற்றினார். அந்தக் காதில் கேட்கும் திறன் போய்விட்டது. அது முன்னமே போனதுதான்.

அந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். ஆண்டாயியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. நானே போனேன். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். தூங்கும்போது இமையை ஒட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். சாப்பாட்டை நல்ல பக்கம் கொடுக்க வேண்டும். கன்னத்தை விரலால் மேல்நோக்கி நீவ வேண்டும். இவை எல்லாம் பொறுமை வேண்டிய வேலைகள், கஷ்டமான வேலைகள் அல்ல. ஆண்டாயிதான் கஷ்டம். சும்மா இருக்க மாட்டார்.

“நர்சம்மா, நான் செத்தா என் எலும்பும் பாப்பா வச்சிருக்கற டப்பாவுக்குள்ள போவுமா?”

“போறப்போ போகட்டும். இப்போ கஞ்சியைக் குடிங்க.”

“அங்கயாவது சும்மா ஒக்காந்திருக்கலாம்.”

வெற்றிச்செல்வி அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் எடுத்த முடிவு எனக்குத் தெரியும். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அது நிற்கிற வரைக்கும் அந்த இரண்டு மாவட்டத்திலும் காது நோய் இல்லை என்றுதான் கணக்கு. அறுவைப் பிரிவு கேட்டுப் போகிறவர்களுக்குக் காட்ட அதிகாரிகள் கையில் அவருடைய பேரே இருந்தது. ஆனால் கட்டுரையில் அறிவழகன் பேரும் இருந்தது. அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஓய்வு பெறப் போகிறார். அடுத்த துறைத் தலைவருக்கான நேர்காணல் வரப்போகிறது. வெற்றிச்செல்விக்குத்தான் அது என்று காவலாளி வரைக்கும் பேச்சு.

மணிவண்ணனுக்கு வேறு பயம். அவருடைய மகள் மஞ்சுவுக்கு ஜெயங்கொண்டம் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அம்மாவைப் பார்க்க வந்தவர் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

“ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில துள்ளி. பெத்த தாய் காதையே பாக்கல, இப்ப ஊருல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் நோவுன்னு எழுதப் போறியா?”

“யார் பேரும் வராது மணி.”

“பேரு எதுக்குக்கா? ஊரு பேரு போதும். அந்த ஊருப் பொண்ணா, காதைப் பாத்துக்கங்கன்னு சொல்லுவான். மறைச்சு வச்சு ஏமாத்துனாங்கன்னு சொல்லுவான்.”

“மஞ்சுவுக்கும் வருதா?”

மணிவண்ணன் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அறிவழகன் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தார். கட்டுரையைத் திரும்பப் பெற அவர் ஒத்துக்கொண்டார். சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. இதழில் வர வேண்டிய அறிவிப்பைத் தானே எழுதிக் கொண்டுவந்திருந்தார். வெற்றிச்செல்வி அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“‘பங்கேற்றவர்கள் நோயை மறைத்ததால்’னு எழுதியிருக்கீங்க சார்.”

“ஆமா. அதானே நடந்துச்சு?”

“அவங்க மறைக்கல. நான் சொன்னதைச் செஞ்சாங்க.”

“வெற்றிச்செல்வி, கொஞ்சம் உக்காரு. இப்படி எழுதினா ஆய்வுல வந்த இடைஞ்சல். யார் மேலயும் கறை படாது. நீ சொல்ற மாதிரி எழுதினா ஆராய்ச்சியாளர் தப்பு. நேர்காணல்ல முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். அந்த நாற்காலியில நீ உக்காரணும்னு நான் எத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அந்த மைக் அறிவிப்பு கட்டுரையில எங்கயாவது இருக்கா?”

“இல்ல. நான் எழுதல. அதான் சார் தப்பே.”

“யாருக்கும் தெரியாதே!”

“எல்லா ஊருக்கும் தெரியும் சார். நம்மளுக்குத்தான் தெரியாது.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா அப்படிச் சொல்லித் தொலைச்ச? குளிச்சா என்ன, குளிக்காட்டி என்ன? அழுக்கைப் பாக்கத்தானே போனோம்?”

வெற்றிச்செல்வி பள்ளிக்கூடத்து ஜன்னலோர வரிசையைப் பற்றிச் சொன்னார். நீங்களும் மற்ற டாக்டர்களும் எங்கள் காலனிக்குள் வந்து மூக்கைப் பொத்திவிடக் கூடாது என்று நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை என்றார். அறிவழகன் தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வேறு மாதிரி எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பேரும் அதற்குப் பிறகு சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சின்னத் திருத்தம் போட்டால் போதும், கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டாம் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் யோசனை சொன்னார்கள். ஊர்ப் பேரையே எழுதாமல் பொதுவாக எழுதச் சொன்னார்கள். ‘மறைத்ததால்’ என்பதற்குப் பதில் ‘தெரிவிக்காததால்’ என்று போடலாமே என்றார் ஒருவர். எதற்கும் அவர் மசியவில்லை. யார் தப்பு என்று எழுதுகிறோமோ அவர்களிடம்தான் நாளைக்குத் திரும்பப் போய் நிற்க வேண்டும், அப்போது எந்த முகத்தோடு காதைக் காட்டு என்று கேட்பது என்று என்னிடம் சொன்னார்.

ஆபரேஷன் செய்த காதைச் சுத்தம் செய்து பார்க்க ஆண்டாயியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அறிவழகனே பார்த்தார். காது உலர்ந்திருந்தது. முகமும் கொஞ்சம் திரும்பியிருந்தது. முடித்துவிட்டுக் கை கழுவத் திரும்பியவரை ஆண்டாயி கூப்பிட்டார்.

“சார், ஒரு வார்த்த.”

“சொல்லுங்கம்மா.”

“ஆப்பரேசன்ல ரொம்ப நாறிச்சுங்களா? அன்னிக்குன்னு பாத்துத் தொடைக்க முடியாம போச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.”

அறிவழகன் குழாயைத் திறந்தபடியே நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் மூடினேன்.

“நாறலம்மா” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் வெற்றிச்செல்வியைக் கூப்பிட்டு, அவர் எழுதியதையே அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அறிவிப்பு இதழில் வந்தது. வெற்றிச்செல்வி அதைத் தமிழில் எழுதி ஆண்டாயிக்குப் படித்துக் காட்டினார். ‘பரிசோதனைக்கு வருமுன் குளித்து, காதைச் சுத்தம் செய்துகொண்டு வருமாறு முதல் ஆசிரியர் எல்லா ஊர்களுக்கும் அறிவித்திருந்தார். இதைக் கட்டுரையில் குறிப்பிடவில்லை. மக்கள் அறிவித்தபடியே செய்தார்கள். எனவே நோய் குறைவு என்ற முடிவு செல்லாது. தவறு முதல் ஆசிரியருடையது.’

“முதல் ஆசிரியருன்னா யாரு?”

“நான்தான்.”

“எங்களப் பத்தி?”

“சொன்னதைச் செஞ்சீங்கன்னு இருக்கு.”

ஆண்டாயி யோசித்தார். “கலியம்மாகிட்டச் சொல்லணும். பஞ்சு குடுத்ததுக்கு அவ பயந்துக்கிட்டுக் கெடக்கறா” என்றார்.

நேர்காணலில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்ததாம். நாற்காலி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. வெற்றிச்செல்வி பழைய அறையிலேயே இருக்கிறார். மூடிய மனுவைத் திறக்க வேண்டுமென்றால் புது எண்ணிக்கை கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆனால் அந்த வேலைக்குத் துணையாக ஆட்களைக் கொடுக்கவில்லை. அவருடைய மாணவர்கள் சிலர் விடுமுறையில் வந்தார்கள். நானும் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன்?

இந்தத் தடவை மைக் கிடையாது, முகாம் கிடையாது, முன்கூட்டிச் சொல்வதும் கிடையாது. பருத்தி எடுக்கிற காட்டுக்கே போவது, மத்தியானம் சாப்பிட உட்காரும்போது பார்ப்பது, கேள்வி கேட்காமல் எல்லோர் காதையும் உள்ளே வரைக்கும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். முதல் நாள் சொந்தக் காலனிக்காரர்கள் எடுத்துக்கொண்டிருந்த காடு. வரப்பில் ஒரு படுதாவை விரித்து, கருவியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார்கள். யாரும் கிட்ட வரவில்லை. மணிவண்ணனின் பேச்சு ஊருக்குள் வேலை செய்திருந்தது.

கடைசியில் கலியம்மாள் எழுந்து வந்தார். கையெல்லாம் பருத்திக் காய் கீறிய கோடு. வியர்வை.

“காலையிலேருந்து காட்டுல கெடக்கறேன். இப்படியே பாப்பியா பாப்பா?”

“இப்படித்தான் பாக்கணும் அத்தை.”

“அப்புறம் அந்தப் பொஸ்தகத்துல கலியம்மா நாறுனான்னு போட்டுறாத.”

“போட மாட்டேன். நான் குளிக்கச் சொன்னதைத்தான் போட்டிருக்கேன்.”

“அத ஆண்டாயி சொல்லிட்டா. அதனாலதான் வந்தேன்” என்று உட்கார்ந்தார். கலியம்மாளின் ஒரு காதில் செவிப்பறையே இல்லை.

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். இன்னும் பல பேர் வரவில்லை. வராதவர்களை வெற்றிச்செல்வி வற்புறுத்தவுமில்லை. பார்த்த காதுகளில் பாதிக்குக் குறையாமல் கெட்டிருந்தது. மாணவப் பிள்ளைகள் அதைக் குறித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எலும்பில் கண்டதும் அதேதான்.

சாப்பாட்டு நேரம் முடிகிற சமயம், தூரத்துப் பருத்தி வரிசையிலிருந்து மஞ்சு நடந்து வந்தாள். அவளுடைய அம்மா வரப்பிலிருந்து, “ஏய் மஞ்சு, மடி நெறையலடி. வேலையப் பாரு” என்று சத்தம் போட்டார். மஞ்சு திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பருத்தியைப் படுதாவில் கொட்டிவிட்டு அத்தைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“காலையில தொடைக்கல அத்தை.”

“அப்படியே இரு. தலையைச் சாய்.”

ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் திருப்பச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். ஆண்டாயியின் காதில் கண்டது இந்தக் காதிலும் தொடங்கியிருந்தது. இன்னும் எலும்புக்குள் போகவில்லை.

“ஆபரேஷன் பண்ணணும் மஞ்சு. இப்போ பண்ணா காது கேக்கறது போவாது. மூஞ்சிக்கும் ஒண்ணும் ஆவாது.”

“கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்புறமா?”

“முன்னாடி.”

“அவங்க வூட்டுல கேட்டா?”

“உள்ளதைச் சொல்லணும்.”

மஞ்சு வரப்பில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஒட்டியிருந்த சருகை முந்தானையிலிருந்து உதறினாள்.

“எனக்குச் சரி. அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா கத்துவாரு.”

வெற்றிச்செல்வி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். மணிவண்ணன் எடுக்க நேரமாயிற்று. லாரி இரைச்சல் எங்களுக்கே கேட்டது.

“மணி, மஞ்சு காதைப் பாத்துட்டேன். வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் பேசு.”